சும்மா கிடக்காத நிலம்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னைத் தெருக்களில் படகு ஓடியது. 2019 ஜூலையில் அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இரண்டுக்கும் நடுவில் நான்கு ஆண்டுகள்கூட முழுதாக இல்லை. வெள்ளத்தின்போது அடையாற்றின் கரையோரத்தில் தரைத்தளங்கள் முழுகின. மீனம்பாக்கம் விமான நிலையம் பல நாட்கள் மூடிக் கிடந்தது. வறட்சியின்போது பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் பாளம் பாளமாக வெடித்தன. தெருமுனையில் பிளாஸ்டிக் குடங்கள் லாரிக்காக இரவெல்லாம் வரிசையில் நின்றன.

இந்த இரண்டையும் தனித்தனித் துயரங்களாக நினைத்துத் தனித்தனியாகவே மருந்து தேடுகிறோம். வெள்ளத்துக்கு மழைநீர் வடிகால், வறட்சிக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியிலும் தெற்கே நெம்மேலியிலும் அந்த ஆலைகள் இயங்குகின்றன. பேரூரில் இன்னும் பெரிதாக ஒன்று எழுகிறது. வானத்திலிருந்து இலவசமாக வந்த நல்ல நீரைப் பெருஞ்செலவில் கடலுக்கு அனுப்பிவிட்டு, அதே கடலிலிருந்து உப்பு நீரை அதைவிடப் பெருஞ்செலவில் எடுத்துச் சுத்திகரிக்கிறோம். இந்தச் சுற்றை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்தால் போதும், வெள்ளமும் வறட்சியும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்பது விளங்கிவிடும். அந்த நோய் என்ன என்பதுதான் கேள்வி.

சென்னையில் ஓராண்டில் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. லண்டனில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். குறை மழையின் அளவில் இல்லை. லண்டன் மழை ஆண்டு முழுவதும் சிறுதூறலாகப் பரவி விழுகிறது. நம் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில், அதிலும் சில நாட்களில், சில நேரம் ஒரே இரவில் கொட்டிவிடுகிறது. விழுகிற நிலமோ தட்டையானது. கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்களே மேலே இருப்பது. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு மூன்றும் கடலை நோக்கி மெல்லத்தான் நகர முடியும். முகத்துவாரத்தில் மணல் அடைத்திருந்தாலோ, கடல் பொங்கி ஓதம் ஏறியிருந்தாலோ அதுவும் முடியாது. ஆகவே இந்தக் கரையில் விழும் மழைக்கு ஓடுவதற்கு வழி வேண்டும் என்பதோடு காத்திருப்பதற்கு இடமும் வேண்டும். ஆண்டில் இரண்டு மாதம் வருகிற நீர் மற்றப் பத்து மாதத்துக்கும் ஆக வேண்டுமானால், அது தங்கியாக வேண்டும்.

இதை நமக்கு முன்னே வாழ்ந்தவர்கள் துல்லியமாகப் புரிந்துவைத்திருந்தார்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரங்களின் ஏரிகள் தனித்தனிக் குளங்களாக வெட்டப்பட்டவை அல்ல. மேட்டிலுள்ள ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக மறுகால் பாயும். கீழேயுள்ள ஏரிக்கு அதுவே வரத்து. அது நிரம்பினால் அடுத்தது. இடையிடையே தாங்கல்கள், குட்டைகள். எல்லாம் நிரம்பிய பிறகு மிஞ்சும் நீர் சதுப்பில் பரவி, அங்கிருந்து கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போகும். நிற்கிற ஒவ்வோர் இடத்திலும் நீர் மண்ணுக்குள் இறங்கும், கிணறுகள் ஊறும். கோடையில் ஏரி வற்றினால் அதன் உள்வாயில் மாடு மேயும், வண்டலை வெட்டி வயலுக்கு அடிப்பார்கள். ஏரிக்குள் கூரை போட மாட்டார்கள். ஊர்க் களத்துமேட்டைப் பாருங்கள். அறுவடையின் சில வாரங்களைத் தவிர ஆண்டெல்லாம் வெறிச்சென்றுதான் இருக்கும். வெறிச்சென்றிருக்கிறதே என்று யாரும் அங்கே வீடு கட்டுவதில்லை. கட்டினால் கதிர் எங்கே அடிப்பது? ஏரியின் உள்வாயும் அப்படியே. அது காலியாக இருக்கும் மாதங்களும் அதன் வேலையைச் சேர்ந்தவை.

நகரத்தின் கணக்குப் புத்தகத்தில் இந்த வேலைக்கு ஒரு பத்தி இல்லை. நகரம் நிலத்தை இரண்டாகத்தான் பிரிக்கிறது: கட்டிய நிலம், இன்னும் கட்டாத நிலம். இரண்டாவது, முதலாவதாக மாறக் காத்திருப்பது என்று எடுத்துக்கொள்கிறது. மயிலாப்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையே நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920களில் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவானது. ஜவுளிக்கும் நகைக்கும் தமிழ்நாடே வந்து குவியும் வீதிகளின் அடியில் இருப்பது ஓர் ஏரியின் தரை. 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டமும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் நிற்கிறது. இதையெல்லாம் செய்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. உண்மை அப்படி இல்லை. வேலை தேடி வந்த மக்களுக்கு வீடு வேண்டியிருந்தது, பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது, பேருந்து நிலையம் வேண்டியிருந்தது. பாசனத்துக்கு வயலே இல்லாத இடத்தில் ஏரி எதற்கு என்பது அன்றைக்கு நியாயமான கேள்வியாகவே தோன்றியிருக்கும். வயல் போன பிறகும் மழை போகவில்லை என்பது மட்டும் அந்தக் கேள்விக்குள் வரவில்லை.

தெற்கே பள்ளிக்கரணையில் இந்தக் கதையின் முழு உருவத்தையும் பார்க்கலாம். தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் வந்து சேரும் கழுவெளி அது. அங்கு சேர்வது ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலோடு கலக்கும். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகக் கணக்கிடப்படும் அந்தச் சதுப்பில் இன்று எஞ்சியிருப்பது மிகச் சிறு பங்குதான். ஒரு பக்கம் பெருங்குடியின் குப்பைமேடு, ஒரு பக்கம் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவே சாலை, ரயில் பாதை, அடுக்குமாடிகள். அரசின் ஆய்வு நிறுவனங்கள்கூட அந்தச் சதுப்பின் மீதுதான் எழுந்தன. நன்செய்யும் புன்செய்யும் மட்டுமே மதிப்புப் பெற்ற பதிவேடுகளில் சதுப்பு ஒரு தரிசு. அதன் நாணலும் கோரையும் யாருக்கும் விளைச்சலாகத் தெரியவில்லை.

அங்கே என்ன விளைந்துகொண்டிருந்தது என்பது வெள்ளம் பக்கத்து வேளச்சேரிக்குள் வந்தபோது தெரிந்தது. சதுப்பு நிலம் பெருமழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதன் அடியில் நல்ல நீர் நிற்கும்வரை கடலின் உப்பு உள்ளே ஏறாது. அதை எடுத்துவிட்டால் அந்த வேலைகள் அனைத்தும் நின்றுபோகும். நீர் மட்டும் பழைய இடத்துக்கு வந்து நிற்கும். வடக்கே மீஞ்சூர் பக்கம் ஆழ்துளைக் கிணறுகளால் அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஒருமுறை உப்பேறிய நிலத்தடி நீரை மீட்பது ஒரு தலைமுறையின் வேலை.

2022இல் பள்ளிக்கரணையின் 1,247 ஹெக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. பூநாரையும் கூழைக்கடாவும் இலைக்கோழியும் இன்றும் அங்கே வருகின்றன. குப்பை எரிந்த புகைக்கு நடுவேயும் அவை வந்துகொண்டிருந்தன. அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பறவை இறங்குகிற நீர்நிலையில் மீன் இருக்கிறது, பூச்சி இருக்கிறது, ஆழமும் மேடும் சேற்றுத் திட்டுமாக நிலம் இன்னும் தன் வடிவத்தில் இருக்கிறது என்று பொருள். நிலத்தின் உடல்நலத்தை அறிய இதைவிட நம்பகமான நாடித்துடிப்பு வேறு தெரியவில்லை.

கடற்கரைக்கும் இதே நியாயம்தான். கரை என்பது கோடு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது. உண்மையில் அது அசைந்துகொண்டே இருக்கும் மணல். இந்தக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திருப்பிக் கொண்டுவருகின்றன. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டத் தொடங்கியதும் அந்தப் போக்குவரத்து தடைபட்டது. வடக்கே போகவேண்டிய மணல் துறைமுகத்தின் தென்புறத்தில் தேங்கியது. நாம் மாலையில் காற்று வாங்கும் மெரினாவின் அகலம் பெரும்பாலும் அப்படிச் சேர்ந்ததுதான். அங்கே சேர்ந்தது இங்கே குறைந்தாக வேண்டும் அல்லவா? ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. தெருக்கள் போயின, மீனவர் வீடுகள் போயின. இன்று அங்கே மணலுக்குப் பதில் பாறாங்கற்கள் கிடக்கின்றன. பாறாங்கல் மேல் கட்டுமரத்தை ஏற்ற முடியாது, கரைவலை இழுக்க முடியாது, பங்குனி ஆமை முட்டையிட முடியாது. கூவத்தின் வாயை மணல் அடைத்ததற்கும் இந்தத் தேக்கம் ஒரு காரணம்.

சென்னையின் வாழ்வில் துறைமுகத்துக்கு உள்ள பங்கை மறுக்க முடியாது. அது இல்லாமல் இந்த நகரமே இவ்வளவு வளர்ந்திருக்காது. ஆனால் தென்கரைக்குக் கிடைத்த அகலத்துக்கு விலை கொடுத்தது வடகரை என்பதை மெரினாவில் நிற்கும்போது எத்தனை பேர் நினைக்கிறோம்? வளர்ச்சிக்கும் இயற்கைக்கும் இடையே சமநிலை என்று பேசும்போது ஒரு தராசு மனத்தில் வருகிறது. ஒரு தட்டில் நகரம், மறு தட்டில் மரமும் நீரும். தராசைப் பிடித்திருப்பவர் யார், தட்டிலிருந்து இறக்கி வைக்கப்படுபவர் யார் என்று பார்ப்பதில்லை. சென்னையில் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்: வட சென்னை.

எண்ணூர் கழிமுகத்தில் கொசஸ்தலையாறும் கடலும் சந்திக்கின்றன. இறாலும் நண்டும் மடவையும் குஞ்சு பொரித்து வளரும் இடம். மீனவர்கள் வலை வீசுவார்கள். இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். அந்தக் கழிமுகத்தைச் சுற்றித்தான் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் மணலியின் ஆலைகளும் வந்தன. நகரம் முழுவதும் எரிகிற விளக்கின் சாம்பல் அங்கே படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வந்து, படகுகளையும் வலைகளையும் அலையாத்தி வேர்களையும் கறுப்பாக்கியது. கழிமுகமும் வரைபடத்தில் காலி இடமாகத்தான் தெரிகிறது. அங்கே பதிவு செய்யப்பட்ட கட்டடம் இல்லை, வரி எண் இல்லை. சோறு மட்டும் இருந்தது.

அதே எண்ணூருக்குக் கொஞ்சம் வடக்கே, பழவேற்காடு ஏரியில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. பாடு என்பார்கள். ஏரியின் எந்தப் பகுதியில் எந்த ஊரார், எந்த முறையில் வலை விடுவது என்று தங்களுக்குள் வகுத்துக்கொண்டு முறைவைத்து இறங்குவார்கள். ஒருவர் இறங்கும் நாளில் மற்றவர் கரையில் நிற்பார். தம் முறை இல்லாத நாளில் நீரை விட்டுவைக்கத் தெரிந்தவர்களால்தான் முறை வந்த நாளில் மீன் பிடிக்க முடிகிறது. இந்த ஏற்பாட்டிலும் உரசல்கள் உண்டு, விலக்கப்பட்டவர்களின் மனக்குறை உண்டு. ஆனாலும் கை நீட்டினால் எட்டுகிற ஒன்றை எடுக்காமல் இருப்பதை ஒரு சமூகம் சட்டமாகவே வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சான்று அது.

மக்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி உடனே எழும். எழ வேண்டிய கேள்விதான். வேலைக்காகத் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், வடகிழக்கிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இங்கே வருகிறார்கள். அவர்களுக்குக் கூரை வேண்டும். ஏரியைப் பேசி ஏழையை விரட்டுவது நியாயமாகாது. ஆனால் இதுவரை நடந்ததைப் பாருங்கள். ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு என்று அகற்றப்பட்ட குடிசைவாசிகள் எங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டார்கள்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றிய தாழ்நிலங்கள். ஒரு வெள்ளத்திலிருந்து காப்பாற்றப்பட்டவர்கள் இன்னொரு வெள்ளத்தில் குடிவைக்கப்பட்டார்கள். ஒவ்வொரு பெருமழையிலும் அங்கே பால் பாக்கெட் படகில்தான் போகவேண்டியிருக்கிறது. நீருக்குரிய இடத்தில் வீடு கட்டுவதால் வீடில்லாதவருக்கு வீடு கிடைத்துவிடுவதில்லை. இருக்கிற ஊருக்குள்ளேயே உயரமாகவும் நெருக்கமாகவும் கட்டலாம். பேருந்தும் ரயிலும் போகிற மேட்டு நிலத்தில் ஏழைக்கும் பங்கு வைக்கலாம். அந்த நிலத்துக்கு விலை அதிகம் என்பதால்தான் சதுப்பை நோக்கிப் போகிறோம். சதுப்பு மலிவாக இருப்பதற்குக் காரணம், அது செய்யும் வேலைக்கு நாம் கூலி கொடுப்பதில்லை என்பதே.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் போகவில்லை. 2003இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பலர் முணுமுணுத்தார்கள். அடுத்த மழைகளில் வற்றிக் கிடந்த கிணறுகளில் நீர் ஏறியதைக் கண்டு அவர்களே வாயடைத்தார்கள். மொட்டைமாடியில் விழுந்ததை வீட்டு மண்ணுக்குள் விட ஒரு குழி, அவ்வளவுதான். அடையாறு கழிமுகத்தில் குப்பையும் இடிபாடும் கொட்டிக் கிடந்த இடத்தைத் தோண்டி, ஓதநீரை மறுபடி உள்ளே விட்டு, அந்த மண்ணுக்குரிய செடிகளை நட்டு உருவாக்கிய 58 ஏக்கர் பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. நண்டும் மீனும் பறவையும் யாரும் அழைக்காமலே திரும்பி வந்தன. 1988 முதல் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் இரவில் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைச் சேகரித்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகிறார்கள். நகரத்தின் மின்விளக்கைக் கடலின் ஒளி என்று நம்பிச் சாலைப் பக்கம் ஊர்ந்துவிடும் குஞ்சுகள் அவை. இவை அனைத்திலும் ஒரு பொது குணம் உண்டு. இயற்கையைச் செய்து தரவேண்டியதில்லை. தடையை எடுத்தால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஆகவேதான் இப்போது நடக்கும் ஏரிச் சீரமைப்புகளில் பலவற்றைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது. நான்கு பக்கமும் கான்கிரீட் கரை, அதன்மேல் நடைபாதை, வண்ண விளக்கு, நடுவே நீரூற்று, மூலையில் ஒரு தற்படம் எடுக்கும் இடம். ஏரி இருக்கிறது என்கிறோம். வரத்துக் கால்வாய் அடைந்து கிடக்கிறது, கலங்கலுக்கு அப்பால் வீடுகள் நிற்கின்றன, சரிவான சேற்றுக் கரை இல்லாததால் நீர்க்கோழிக்கு நிற்க இடமில்லை. ஏரியைத் தொட்டி ஆக்கிவிட்டு அதற்கு ஏரி என்றே பெயரும் வைத்திருக்கிறோம். அதைச் சும்மா விடுவதற்கு நமக்கு இன்னும் துணிவு வரவில்லை. ஏதாவது செய்தால்தான் செய்ததாக ஆகும், திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைக்க முடியும் என்ற பழக்கம் நம்மை விடவில்லை.

இந்தப் பழக்கத்தை உடைக்க நேரம் குறைவாகத்தான் இருக்கிறது. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 2022இல் பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டது. அந்தப் புதிய பரப்பு ஏரிகள் நிறைந்த நாடு. மறுகால்கள் இன்னும் பாய்கிற, கழனிகள் இன்னும் பச்சை பூணுகிற நிலம். தியாகராய நகரில் நாம் கேட்கத் தவறிய கேள்வியைக் கேட்க அங்கே இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. சாலையும் மனையும் போடும் முன் நீர் எங்கே நிற்கிறது, எவ்வழி நடக்கிறது என்று வரைந்துகொள்ளலாம். அதன்மேல் கை வைக்காமல் மிச்ச இடத்தில் நகரத்தை வரையலாம். கடலும் ஏறிக்கொண்டிருக்கிறது, மழையும் முன்னிலும் மூர்க்கமாகக் கொட்டுகிறது. இனி வரும் ஆண்டுகளில் நமக்குக் காலியிடம் முன்னைவிட அதிகம் தேவைப்படும்.

நகரமும் இயற்கையும் ஒன்றையொன்று விலக்கும் இரண்டு என்று நெடுங்காலம் நம்பிவிட்டோம். ஒன்று வளர்ந்தால் மற்றது குறையும், குறைகிற அளவில் பேரம் பேசுவதே சமநிலை என்று நினைத்தோம். சென்னையின் நிலம் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. செம்பரம்பாக்கம் நகரத்தின் உறுப்பு, பள்ளிக்கரணை உறுப்பு, எண்ணூரின் சேறும் அடையாற்று மணல்திட்டும் உறுப்புகள். குழாயில் வரும் நீரும், கிணற்றில் உப்பேறாமல் இருப்பதும், மழை இரவில் நிம்மதியாகத் தூங்குவதும் அந்த வெற்று நிலங்கள் நமக்காக உழைத்துத் தருபவை. அவற்றை அழித்தபோது நகரத்துக்கு வெளியே இருந்த எதையும் நாம் அழிக்கவில்லை, நகரத்தையே இடித்துக்கொண்டோம்.

ஒரு கட்டடத்தை ஒருமுறை கட்டினால் போதும், அது நிற்கும். கட்டாமல் விட்ட நிலம் அப்படித் தானாக நிற்பதில்லை. விலை ஏறும் ஒவ்வோர் ஆண்டும், தேர்தல் வரும் ஒவ்வொரு முறையும், நல்ல காரணத்தோடு யாராவது கேட்டுவரும் ஒவ்வொரு நாளும் அதற்காக ஒருவர் மறுத்தாக வேண்டும். ஏரியை வெட்டியவர்கள் ஒரு தலைமுறை உழைத்தார்கள். அதை ஏரியாகவே நமக்கு விட்டுச் சென்றவர்கள் எத்தனையோ தலைமுறைகள் தொடர்ந்து மறுத்தார்கள். அவர்களுடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஆனால் இந்த ஊர் இன்னும் குடிக்கும் நீர் அவர்கள் கட்டியது. விட்டுவைப்பதும் கட்டுவதுதான், எல்லாக் கட்டுமானங்களிலும் கடினமானது, முடிவே இல்லாதது, அது ஒன்றுதான்.